பச்சைக் காரின் பழைய பிரேக்

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையிலிருந்து சீஃப் எழுந்த வேகத்தில் ஒரு நாற்காலி மல்லாந்து விழுந்ததே, அதை இன்னும் யாரும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்துகிறவர் தோற்றவர் ஆகிவிடுவார் என்று அப்பாவும் மகனும் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.

சண்டை ஒரு பிரேக்குக்காக.

சீஃப் கப்பலில் தலைமை என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கரைக்கு வந்து வருஷக்கணக்காகியும் கட்டிய மனைவிகூட அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவருடைய உயிர் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கிற பச்சை ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, அவரைவிடச் சற்றே இளையது. தகர டப்பாவாகக் கிடந்ததை வாங்கி வந்து ஆணி ஆணியாகச் சேர்த்து உயிர் கொடுத்தவர் அவர்.

அந்தக் காரில் மகனின் வற்புறுத்தலால் ஒரு புது மாதிரி பிரேக் வைத்திருந்தார். இந்த வருஷம் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கார் பிறந்தபோது இருந்த பழைய பிரேக்கையே திரும்ப மாட்டிவிட்டார். காரணம், பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களின் சங்கம் நடத்துகிற கண்காட்சி. ஒரிஜினல் இல்லாத சாமான் எது கண்ணில் பட்டாலும் அங்கே மார்க்கைக் குறைத்துவிடுவார்கள்.

"புதுசுல எண்ணெய்க்கு ரெண்டு தனித்தனி வழிப்பா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். பழசுல நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு இடத்துல கசிஞ்சா நாலும் காலி!" என்று மகன் கத்தினான்.

"எனக்கே என்ஜின் பாடம் எடுக்கறியா?" என்று சீஃப் கத்தினார். நாற்காலி விழுந்தது அப்போதுதான்.

மகனுக்கு விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை. ஆகாயத்தில் வருகிற விமானங்களை மோதாமல் முட்டாமல் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவன். நண்பர்கள் வைத்த பெயர் டவர். அவன் மனைவிதான் நம் புள்ளி. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தாளாம். அப்பா ஆசையாக வைத்த அந்தப் பெயர் புகுந்த வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விபத்தில் கழுத்தும் இடுப்பும் போனவர்களைத் தோளைப் பிடித்து மறுபடி நடக்க வைப்பது அவள் வேலை.

அதனால்தான் கண்காட்சி நாள் விடிந்தபோது அந்த வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவள் அவளாக இருந்தாள். ஒரு வளைவில் ஒரு நொடி பிசகினால் மனித முதுகெலும்பு என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டவர் விடியற்காலையிலேயே டூட்டிக்குப் போய்விட்டான். புள்ளி இரண்டு கப் காபியோடு ஷெட்டுக்குப் போனாள்.

சீஃப் காரின் முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு திருகாணியின் தலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல அவ்வளவு கவனம்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"உன் புருஷன் கேட்டதையே கேக்கப் போறியா?"

"ஆமா."

சீஃப் சிரித்துவிட்டார். "இப்படி உக்காரு. அந்தப் பெடலை மிதி."

புள்ளி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிதித்தாள். கல்லை மிதித்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு? பழசுன்னா ஓட்டைன்னு அர்த்தமில்லம்மா. சரி, உனக்காக ஒரு வாக்கு தரேன். மார்க் போடறவரைக்கும்தான் இந்த பிரேக். அதுக்கப்புறம் எல்லாரும் மலை ஏறி இறங்கற ஓட்டத்துக்கு நான் போகப் போறதில்ல. தலைவலின்னு சொல்லிட்டு மெதுவா வீட்டுக்குத் திரும்பிடுவேன். போதுமா?"

புள்ளிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"ஆனா ஒண்ணு. பழைய பிரேக் மாட்டியிருக்கேன்னு உங்கப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா, மார்க்குக்காகக் கழட்டி மாட்டினேன்னு அடுத்த கண்காட்சி வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருப்பார்."

"சொல்லல மாமா."

அந்த வாக்கைக் கொடுத்ததற்காகப் பகலுக்குள் தன்னையே சபித்துக்கொள்ளப் போகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

◆

கண்காட்சி மைதானத்தில் பெட்ரோல் வாசனையும் மெழுகுப் பாலிஷ் வாசனையும் கலந்து அடித்தன. வரிசையாக வண்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் துணியும் கையுமாக ஒரு மனிதர். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணைக்கூட இத்தனை தடவை துடைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புள்ளியின் அப்பா பல் டாக்டர். அவருடைய கார் சீஃபின் காரோடு ஒட்டிப் பிறந்தது போல அதே கம்பெனி, அதே வருஷம், அதே மாடல். நிறம் மட்டும் வேறு. லேசான மஞ்சள் ஓடிய வெள்ளை. பல் டாக்டருக்குப் பல் நிறத்தில் கார் என்று சங்கத்தில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். புள்ளிக்குச் சம்பந்தம் பேச வந்த இடத்தில் இந்த இரண்டு கார்கள்தான் முதலில் பேச்சுக்கு வந்தன. பெண் பார்க்க வந்த சீஃப் பல் டாக்டரின் ஷெட்டுக்குள் போனவர், காபி ஆறிப் போன பிறகுதான் வெளியே வந்தார். கல்யாணம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் இணைபிரியாத நண்பர்கள். முடிந்த பிறகு வந்த முதல் கண்காட்சியிலிருந்து விடாக்கண்டனும் கொடாக்கண்டனும்.

"வாங்க சம்பந்தி! பொய்ப்பல் செட்டு நல்லா மினுமினுக்குதே!" என்று வரவேற்றார் பல் டாக்டர்.

சீஃப் பச்சைக் காரிலிருந்து இறங்காமலே பதில் சொன்னார். "உங்களுது மாதிரி சொத்தைப் பல்லை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சிரிக்கறதைவிட இது மேல்."

"சொத்தையா? பொறந்தப்போ அடிச்ச பெயின்ட்டுய்யா இது. ஒரு சொட்டு மேல பட்டதில்ல. வெடிப்பு இருந்தாலும் அது ஒரிஜினல் வெடிப்பு!"

அதுதான் இவர்களின் தீராத வழக்கு. பல் டாக்டரின் கார் யாரும் கை வைக்காமல் பிறந்தபடியே வயதானது. பின்பக்கத்தில் வெயில் தின்ற இடத்தைக்கூட அவர் பாலிஷ் போட விடமாட்டார். சீஃபின் கார் செத்துப் பிழைத்தது. ஆனால் ஒவ்வொரு ஆணியும் அந்த வருஷத்து ஆணி. எது அசல்? இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்த எந்தச் சாப்பாடும் இந்தக் கேள்வி இல்லாமல் முடிந்ததில்லை.

நடுவர் அம்மாள் ஒருவர் வந்தார். கையில் டார்ச்சும், குச்சி முனையில் பொருத்திய சின்னக் கண்ணாடியும். "நம்ம தொழில்காரங்க போலிருக்கே" என்று பல் டாக்டர் முணுமுணுத்தார். நடுவர் சிரிக்கவில்லை. காருக்குக் கீழே கண்ணாடியை நீட்டிப் பார்த்தார். ரப்பர் குழாய்களை நெளித்துப் பார்த்தார். பச்சைக் காரின் முன்பக்கத்துக்குள் குனிந்தவர், பழைய பிரேக்கைப் பார்த்ததும் சீஃபை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். அதில் பாராட்டு இருந்தது. சீஃபின் காது நுனி சிவந்தது.

பிறகு நடுவர் இரண்டு காருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ரெண்டும் சமம். என்னால பிரிக்க முடியல. மலை ஓட்டத்துல முடிவு பண்ணிடலாம். ரேஸ் இல்ல, புரியுதா? ஆனா ஸ்போர்ட்ஸ் கார்னா அது உற்சாகமா ஓடணும். ஏறி இறங்கி சொந்தக் கால்ல திரும்பி வரணும். படுத்துக்கிட்டே அழகா இருக்கற வண்டிக்கு நான் கோப்பை தர்றதில்ல."

புள்ளி மாமாவைப் பார்த்தாள். தலைவலி என்று சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

சீஃப் வாயைத் திறந்தார். அதற்குள் பல் டாக்டர் முந்திக்கொண்டார். "என்ன சம்பந்தி, யோசனை? மேல வரணுமா, இல்ல லாரி கூப்பிட்டு ஏத்தி அனுப்பணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கிளம்புங்க. முன்னாடி போங்க. உங்க பின்பக்கத்தைப் பார்த்துக்கிட்டே வரேன்" என்றார் சீஃப்.

புள்ளி அவர் பக்கத்தில் போய், "மாமா, வாக்குக் குடுத்தீங்களே" என்றாள் மெதுவாக.

"மெதுவாத்தான்மா போவேன். கல்லு மாதிரி இருக்குன்னு நீயே பார்த்தியே."

அவள் அப்பாவுடன் வருவதாகத்தான் ஏற்பாடு. பல் டாக்டர் பக்கத்து இருக்கையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். புள்ளி ஒரு கணம் இரண்டு காருக்கும் நடுவில் நின்றாள். தான் உட்கார்ந்திருந்தால் மாமா வேகமாக ஓட்ட மாட்டார். அவளுக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான். பச்சைக் காரின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

பல் டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. "எங்கிட்ட வரேன்னு சொன்னியே, புள்ளி?"

"இறங்கும்போது வரேம்பா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

கை தன்னிச்சையாக பெல்ட்டைத் தேடியது. இல்லை. பெல்ட் மாட்டியிருந்த இடத்தில் ரப்பர் மூடி அழகாக அடைத்திருந்தது.

"அந்த வருஷ மாடல்ல பெல்ட் கிடையாதும்மா" என்றார் சீஃப், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

◆

ஏறும்போது பயம் கொஞ்சம் ஏமாற்றியது. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. என்ஜின் அடித்தொண்டையில் பாடியது. காற்று முகத்தில் மோதியது. முன்னால் அப்பாவின் கார் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கத்தைச் சற்று அசைத்துக் காட்டிவிட்டுப் போனது. மாமாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வருஷம் கழன்று விழுந்த மாதிரி இருந்தது. இந்தச் சந்தோஷத்தையா தடுக்கப் பார்த்தோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

உச்சியில் பனிமூட்டம். எல்லாரும் இறங்கிக் கை கால் உதறிக்கொண்டார்கள். புள்ளி அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, இறங்கும்போது மெதுவா போங்க. நீங்க மெதுவா போனா மாமாவும் மெதுவா வருவார்."

"ஏன், உங்க மாமாவுக்கு முடியலையா?" அப்பாவின் கண்ணில் குறும்பு.

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குறும்பைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. சொன்னால் இங்கேயே, எல்லார் முன்னாலும் ஒரு சிரிப்பு வெடிக்கும். மாமா அதைத் தாங்க மாட்டார்.

"எனக்குப் பயமா இருக்குப்பா. அவ்வளவுதான்."

"சரி, சரி. உனக்காக மெதுவா போறேன். இப்ப என்கூட வர்றியா?"

அவள் பதில் சொல்வதற்குள் பச்சைக் காரின் பக்கம் பார்வை போனது. சீஃப் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மிதித்தார். நின்று யோசித்தார். மறுபடி அடுத்தடுத்து இரண்டு தடவை மிதித்தார்.

கல்லாக இருப்பதை எதற்கு மூன்று தடவை மிதிக்க வேண்டும்?

"இல்லப்பா. மாமாகூடவே வரேன்" என்று ஓடினாள்.

"என்ன மாமா, பெடல் சரியா இருக்கா?"

"லேசா ஒரு தொய்வு. பனிக்குளிருக்கு அப்படித்தான் இருக்கும். ரெண்டு மிதி மிதிச்சா சரியாயிடுது."

"இங்கயே நிறுத்திடலாம் மாமா. யாரையாவது கூப்பிடலாம்."

"கீழ போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப் போகுது? ஏறு."

இந்தக் கதையைப் படிக்கிறவர்களில் எத்தனை பேர் இந்த இடத்தில் அவளைத் திட்டப் போகிறீர்கள் என்று தெரியும். ஏன் ஏறினாள் என்று கேட்பீர்கள். அவள் ஏறாவிட்டாலும் அவர் போயிருப்பார். தனியாகப் போயிருப்பார். அதனால் ஏறினாள்.

◆

முதல் சில வளைவுகள் ஒழுங்காகவே போயின. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் இறக்கம் யாரையும் விடாது. பாதை வழுவழுவென்று விரிந்த ஓர் இடத்தில் அப்பாவின் கார் தானாகவே எட்டிப் பாய்ந்தது. வளைவில் டயர் கீச்சிட்டது.

"பல் டாக்டர் பிடுங்கறார் பாரு!" என்று சிரித்தபடி சீஃப் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.

இடது பக்கம் நெடுக ஈரப் பாறைச் சுவர். அது புள்ளியின் பக்கம். வலது பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் கட்டை. அதற்கு அப்பால் மரங்களின் தலை மட்டும் தெரிந்தது.

அடுத்த வளைவுக்கு முன் மாமாவின் கால் பெடலுக்குப் போனது. மிதித்தது. எடுத்தது. மிதித்தது. மறுபடி வேகவேகமாக மிதித்தது. கார் வளைவை அகலமாக எடுத்து, கல் கட்டையை ஒட்டி உரசாமல் போனது.

சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"புள்ளிம்மா." குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது. கப்பலில் தீப்பிடித்தால் இப்படித்தான் பேசுவாராக இருக்கும். "ரெண்டு காலையும் முன்னாடி தட்டுல ஊனிக்க. கையால கதவு மேல பிடிச்சுக்க. தலையைப் பின்னாடி சாய்ச்சுக்க."

"என்ன மாமா?"

"பிரேக் இல்ல."

புள்ளி இரண்டு காலையும் ஊன்றிக் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சீஃப் கியரைக் குறைத்தார். பெட்டிக்குள் இரும்பு இரும்பைக் கடித்தது. என்ஜின் அலறியது. வேகம் கொஞ்சம் தயங்கியது, பிறகு இறக்கம் மறுபடி இழுத்தது. கை பிரேக்கை இழுத்தார். பின்சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் வந்தது. அதற்கு மேல் அது பிடிக்கவில்லை. இன்னும் ஒரு கியர் குறைக்கப் பார்த்தார். உள்ளே போகாமல் துப்பியது.

இன்னொரு வளைவு. புள்ளியின் தோள் கதவில் மோதியது. கல் கட்டை கண்ணுக்கு எதிரே வந்து, விலகிப் போனது. ஆஸ்பத்திரியில் தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிற முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எல்லாருமே இதையேதான் சொல்வார்கள். ஒரு செகண்டுதான் மேடம், ஒரு செகண்டுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தேன்.

"பாறையில உரசிக்கிட்டே போனா நிக்கும்" என்றார் சீஃப். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. "ஆனா பாறை உன் பக்கம்."

"உரசுங்க மாமா!"

"முடியாதும்மா."

"உரசுங்க! நான் இந்தப் பக்கம் சாய்ஞ்சுக்கறேன்!"

"என் பையனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அப்போதுதான் முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது.

முன்னால், அடுத்த திருப்பத்தில் அப்பாவின் கார் தெரிந்தது. சீஃப் ஹாரனை அமுக்கினார். அந்த வருஷத்து ஒரிஜினல் ஹாரன். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அப்பா அதைக் கிண்டல் என்று நினைத்துக் கையை ஆட்டினார்.

புள்ளி கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் முட்டி போட்டு நிமிர்ந்தாள். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"அப்பா! பிரேக் இல்லப்பா! அப்பா!"

காற்று அதைத் தின்றிருக்கலாம். தின்னவில்லை. முன்னால் அப்பாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தார். ஒரு முறை திரும்பியே பார்த்தார். அந்தத் தூரத்திலும் அவர் முகம் வெளிறியது அவளுக்குத் தெரிந்தது.

விலகி வழிவிடுவார் என்றுதான் சீஃப் எதிர்பார்த்தார். விலகவில்லை. பாதையின் நடுவுக்கு வந்தார். இடது கையை உயரே தூக்கி, உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி, வா வா என்று ஆட்டினார்.

"என்ன பண்றார் இவர்?" என்றார் சீஃப்.

"உங்களை மோதச் சொல்றார் மாமா!"

"அந்தப் பின்பக்கத்துலயா?"

"மோதுங்க!" என்று கத்திவிட்டு, கீழே உட்கார்ந்து மறுபடி காலை ஊன்றிக்கொண்டாள்.

அப்பா வேகத்தைச் சரியாகப் பச்சைக் காரின் வேகத்துக்குக் கொண்டுவந்தார். இடைவெளி குறைந்தது. ஒரு கார் நீளம். அரை கார். ஒரு கை.

டக்.

முதல் இடியில் புள்ளியின் பல் நாக்கைக் கடித்தது. பச்சைக் கார் பின்வாங்கி மறுபடி முட்டியது. எதுவோ உடைந்து தெறித்தது. மூன்றாவது தடவை முட்டியபோது அப்பா விடவில்லை. பிரேக்கை அழுத்தினார். தகரம் நெளிகிற சத்தம், நீளமாக, பல்லைக் கூசவைக்கிற மாதிரி. யாரும் தொட்டதில்லை என்று அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெயின்ட் செதில் செதிலாகப் பறந்து புள்ளியின் மடியில் விழுந்தது.

முன்காரின் நான்கு சக்கரத்திலிருந்தும் புகை. இரண்டு காரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வழுக்கின. எதிரே வளைவு. கல் கட்டை வந்துகொண்டே இருந்தது. வந்துகொண்டே இருந்தது.

நின்றது.

அப்பாவின் கார் மூக்கு கட்டையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

◆

சூடான இரும்பு டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

பல் டாக்டர் கதவைத் திறக்காமல் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். தன் காரின் பின்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"புள்ளி, கழுத்தை ஆட்டாத! அப்படியே இரு. விரலை அசை பார்க்கலாம். கால் விரல்?"

"அசையுதுப்பா. நாக்குதான் கடிபட்டுடுச்சு."

"வாயைத் திற." தொழில் புத்தி. பார்த்தார். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லடா."

புள்ளி இறங்கினாள். நாள் முழுவதும் மற்றவர்களை நிற்க வைக்கிறவளால் நிற்க முடியவில்லை. அப்பா தாங்கிப் பிடித்துக் கல் கட்டையில் உட்கார வைத்தார்.

சீஃப் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை. "சம்பந்தி… உங்க பெயின்ட்டு…"

"பெயின்ட் கிடக்கட்டும்யா! என்ன ஆச்சு?"

"பழைய பிரேக்கை மாட்டியிருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பீங்க."

"சிரிச்சிருப்பேன்தான்" என்றார் பல் டாக்டர். "சிரிச்சுட்டு உங்களைக் கீழயே நிறுத்தியிருப்பேன்."

சீஃப் மெல்ல இறங்கினார். முன்சக்கரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். வெகுநேரம் தடவிப் பார்த்தார். கையை வெளியே எடுத்தபோது விரலெல்லாம் பிரேக் எண்ணெய். அவர் முகம் இறக்கத்தில் இருந்ததைவிட மோசமாக இருந்தது.

"குழாய் உடையல" என்றார். "ரப்பரும் கிழியல. எல்லாம் நல்லா இருக்கு. நட்டுதான் கழண்டிருக்கு. கையால திருப்பினா திரும்புது."

"ஆட்டத்துல கழண்டிருக்கும்" என்றார் பல் டாக்டர்.

"சரியா இறுக்கின நட்டு கழலாது சம்பந்தி. இதை மாட்டினது நான். ஸ்பேனர் வச்சு இறுக்கினதும் நான்தான். வேற யாரும் தொடல." எண்ணெய்க் கையைத் தன் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போல. "நடுக்கடல்ல இந்தக் கையை நம்பி ஒரு கப்பல் ஆளுங்க நிம்மதியாத் தூங்கினாங்க. இன்னிக்கு ஒரு நட்டை இறுக்க மறந்திருக்கு. அதுவும் வீட்டுக்கு வந்த பொண்ணை ஏத்திக்கிட்டு."

"அப்படிச் சொல்லாதீங்க."

சீஃப் சாவியை எடுத்துப் பல் டாக்டரின் சட்டைப் பையில் போட்டார். "இனிமே நான் எதையும் ஓட்டக் கூடாது. எதையும் கழட்டி மாட்டவும் கூடாது. அவன் சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

அப்புறம் அந்த மனிதர் பாதை ஓரத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். கப்பல் என்ஜினை அதட்டி வேலை வாங்கியவர். புள்ளி அவரை இப்படிப் பார்த்ததே இல்லை. எழுந்து போய்த் தோளில் கை வைக்கலாம் என்று நினைத்தபோது அவள் போன் அடித்தது.

டவர்.

கோபுரத்தில் வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. டூட்டி முடிந்ததும் முதல் வேலையாகக் கூப்பிட்டிருக்கிறான்.

"புள்ளி? இப்பதான் வெளிய வந்தேன். எங்க, உங்கப்பா வண்டியிலயா?" அவன் குரல் பல நாளைக்குப் பிறகு லேசாக, கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தது. "எங்கப்பா வீட்டுல என்ன பண்றார்? ரொம்பக் கத்தினாரா?"

"வீட்டுலயா?"

"பின்ன? வண்டிதான் ஷெட்டை விட்டே நகர்ந்திருக்காதே."

"ஏன் நகர்ந்திருக்காது?"

"கோவிச்சுக்காத, உங்கிட்ட சொல்லாம ஒரு காரியம் பண்ணிட்டேன். சொன்னா நீ தடுப்ப. நேத்து சாயங்காலம் அவர் குளிக்கப் போனப்ப, முன்சக்கரத்துக்குப் போற பிரேக் நட்டை லேசா திருப்பி விட்டுட்டேன். விடியறதுக்குள்ள எண்ணெய் பூரா ஒழுகிடும். காலைல மிதிச்சதுமே பெடல் கீழ போயிடும். அதுக்கு மேல எங்கப்பா வண்டியை எடுக்க மாட்டார், அவ்வளவு பொறுப்பு அவருக்கு உண்டு. ஒரு கண்காட்சி போனாப் போகட்டும், ஆள் முழுசா இருக்கட்டும்னுதான்… புள்ளி? கேக்குதா?"

அவள் பாதை ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தாள். மடியில் ஒட்டியிருந்த பெயின்ட் செதில்கள் காற்றில் நடுங்கின.

"ஏன் பேச மாட்டேங்கற? காத்துச் சத்தம் கேக்குதே." லேசாக இருந்த குரல் கனத்துக்கொண்டே வந்தது. "புள்ளி, நீ எங்க இருக்க? யார் வண்டியில இருக்க?"

சத்தம் கேட்டு சீஃப் தலையை நிமிர்த்தினார். எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"யாரும்மா, அவனா? பயந்துடுவான். நானே சொல்லிடறேன், தப்பு முழுக்க என்னுதுன்னு. போனைக் குடு."

கையை நீட்டினார்.

புள்ளி போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.